கால் வயிற்றோடு பஸ் ஓட்டிய எட்டு மாதம்

1. மறுபடி டூட்டிக்கு வந்த நாள்

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்து நான் டூட்டிக்கு வந்த அன்று, நாகர்கோவில் ஸ்டாண்டில் எங்கள் டைம் கீப்பருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. வேறு கம்பெனி ஆள் என்று நினைத்து, "யாரப் பாக்கணும்?" என்று கேட்டார். நான் பெயரைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"தங்கையனா? எடேய், பாதி ஆளக் காணல்லியே!"

அவர் சொன்னதில் பொய்யில்லை. அதற்கு முன் என்னைத் 'தடியன் டிரைவர்' என்றுதான் லைனில் சொல்லுவார்கள். காக்கிச் சட்டை இப்போது எனக்குக் கோணியைப் போலத் தொங்கியது. நிக்கரை இடுப்பில் நிறுத்த கயிறு கட்டியிருந்தேன். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் வாழையிலையில் மடித்த ஆறு சிறு பொதிகள். ஒன்றில் இரண்டு இட்லி, ஒன்றில் அவித்த முட்டை, ஒன்றில் எண்ணெயில்லாமல் அவித்த மீன் துண்டும் ஒரு பிடிச் சோறும். இப்படி ஆறு. விடிந்ததிலிருந்து இருட்டும் வரை நான் எப்போது எதைத் தின்ன வேண்டும் என்று என் மனைவி பொன்னம்மாள் முடிச்சுப் போட்ட வாழைநாரால் அடையாளம் வைத்திருந்தாள். ஒரு முடிச்சு முதல் பொதி, ஆறு முடிச்சு கடைசிப் பொதி.

கண்டக்டர் செல்லையன் பையை எட்டிப் பார்த்துச் சிரித்தான். "என்னண்ணே, ஓட்டல் தொறக்கப் போறீரா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. அன்று சிரித்தது நினைவிருக்கிறது. இப்போது லைனில் இருக்கிற சில டிரைவர்கள் என்னிடம், "ஒம்ம லைசென்ஸ் எதுக்குப் போச்சு? குடிச்சுட்டு ஓட்டினீராமே?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

2. வயிறு போன விதம்

நான் யுத்த காலத்தில் வண்டி படித்தவன். அப்போது பெட்ரோல் கிடையாது, கரிவாயுவில் ஓடும் பஸ். விடியற்காலையில் அடுப்பை மூட்டி, ஊதி, புகையைத் தின்றுதான் வண்டியைக் கிளப்புவோம். சாப்பாட்டுக்கு நேரம் என்பது கிடையாது. பசிக்கும்போது சாயா, வண்டி நிற்கும்போது மரச்சீனிக் கிழங்கும் எரிச்ச மீன்கறியும். யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்த பிறகும் என் சாப்பாட்டு முறை மாறவில்லை. எனக்கு நாகர்கோவில்-திருவட்டாறு லைன். ஒரு நாளில் மூன்று டிரிப். டிரிப்புக்கும் டிரிப்புக்கும் நடுவில் சக்கரத்துக்குக் காற்றுப் பார்க்கத்தான் நேரம் இருக்கும்.

முதலில் நெஞ்சுக்குக் கீழே எரிந்தது. ஆப்பச்சோடா உப்பைச் சட்டைப்பையில் பொட்டலமாக வைத்திருந்து வெள்ளத்தில் கலக்கிக் குடிப்பேன், ஒரு மணிநேரம் தாங்கும். பின்னால் வலி முதுகு வரை போனது. ஒருநாள் தக்கலை ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி, சக்கரத்தின் பக்கத்தில் வாந்தி எடுத்தேன். காப்பித்தூள் மாதிரி கறுப்பாக வந்தது. பின்னால் வந்து பார்த்த செல்லையன்தான் என்னை மேற்கே உள்ள மிஷன் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனான். அதை நான் மறக்கவில்லை. பின்னால் அவன் செய்ததையும் மறக்கவில்லை.

பெரிய டாக்டர் வெள்ளைக்காரர். தமிழ் பேசுவார், ஆனால் கொஞ்சம்தான். "வயிற்றில் புண். முக்கால் பாகம் எடுத்துப் போடணும். எடுத்தால் நல்ல சுகம்" என்றார். நான் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன்.

3. சிரட்டை

ஆபரேஷன் ஆன பிறகு நான்கு நாள் மூக்கில் குழாய். ஒரு சொட்டு வெள்ளம் கிடையாது. ஐந்தாம் நாள் ரோசம்மா சிஸ்டர் ஒரு கரண்டி வெள்ளம் தந்தார். அவர் கடற்கரை ஊர்க்காரர், குரல் உரத்துத்தான் வரும். அடுத்த கரண்டி ஒரு மணிநேரம் கழித்துத்தான். நான் தம்ளரைத் தட்டிப் பறிக்கப் பார்த்தேன். என் கையில் ஒரு அடி கொடுத்தார்.

பிறகு பால் கலந்த வெள்ளம், கஞ்சித் தெளிவு, குழைத்த சோறு. நான்கு கரண்டி உள்ளே போனதும் நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி அடைக்கும். பசி என்பதே வரவில்லை. கண் மட்டும் தின்னச் சொல்லும். பக்கத்துக் கட்டிலில் ஒருவனுக்கு வீட்டிலிருந்து மீன்கறி வந்த மணத்தில் நான் அழுதேன். முப்பத்தாறு வயது ஆள், மீன்கறிக்கு அழுதேன்.

வீட்டுக்குப் போகிற அன்று சிஸ்டர் பொன்னம்மாளையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"டிரைவர் அண்ணாச்சி, நல்லா கேட்டுக்கிடும். ஒமக்கு இனி வயிறுன்னு ஒண்ணு இல்ல. ஒரு தேங்காச் சிரட்டை இருக்கு. சிரட்டையில எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் ஒரு நேரம். நாளைக்கு ஆறு நேரம், ஏழு நேரம் தின்னும். திங்கும்போ வெள்ளம் குடிக்கப்பிடாது. தின்னுட்டு அரைமணி நேரம் படுக்கணும். இனிப்பு மட்டும் தொடவே தொடாதீரும்."

"இனிப்புக்கு என்ன சிஸ்டர்?"

"சிரட்டையில அது நிக்காது. குபுக்குன்னு கொடலுக்குள்ள எறங்கிரும். வேர்க்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், கண்ணு இருட்டும். ஆபரேஷன் ஆன நெறய பேரு இஞ்ச வந்து சொல்லியிருக்காவ. பெரிய டாக்டரு கொஞ்ச நாள்ல சரியாவும்னு சொல்லுவாரு. நான் பாக்குதவங்களுக்கு ஆகல்ல."

இது ஒன்றும் எழுத்தில் இல்லை. எழுத்தில் இருந்தது டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும்.

4. லைனில் தின்றது

முதல் மாதம் எல்லாம் சரியாகவே நடந்தது. பெரிய முக்குகளில் வண்டி நிற்கும்போது ஒரு பொதியைப் பிரித்து, பல்லால் அரைத்து அரைத்துத் தின்பேன். இட்லியைக் கூழாக்கி விழுங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. செல்லையன் டிக்கெட் கிழிப்பதை மெதுவாக இழுத்து எனக்கு நேரம் தருவான். பிரயாணிகள் சும்மா இருப்பார்களா?

"டிரைவரு தின்னுததுக்கா பஸ்ஸு விட்டிருக்கு?" என்று ஒருவர் கேட்பார்.

"நேத்தும் இந்த எடத்துல தின்னுட்டுதான் இருந்தான்" என்று இன்னொருவர் சொல்லுவார்.

தின்ற பிறகு படுக்கிற அரைமணி நேரம்தான் கிடைக்கவில்லை. திருவட்டாறில் மட்டும் வண்டி திரும்புவதற்கு முன் பின்சீட்டில் நீட்டிக் கிடப்பேன். அப்படிக் கிடப்பதைப் பார்த்து ஊரில் பேச்சு உண்டாயிற்று, எனக்குக் கள்ளு பழக்கம் என்று.

நான்காம் மாதம் ஒருநாள் திருவட்டாறு சாயாக்கடையில் புது ஆள். சீனி போடாதே என்று சொன்னது அவன் காதில் விழவில்லை. தெரியாமல் பாதி குடித்துவிட்டேன். கால்மணி நேரத்தில் சட்டை நனைந்தது, நெஞ்சு மெஷின் போல அடித்தது. நல்ல வேளை, வண்டி நின்றிருந்தது. அரைமணி நேரம் கழித்து எழுந்து ஓட்டினேன். அன்று மாலையே முதலாளியைப் போய்ப் பார்த்தேன்.

எங்கள் முதலாளிக்கு நான்கு பஸ். பூதப்பாண்டிப் பக்கம் வயலும் உண்டு. ஆள் கெட்டவர் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

"மொதலாளி, எனக்கு ஒவ்வொரு நேரம் தலை சுத்துது. தின்னுட்டு அரைமணிக்கூறு படுக்க வசதி வேணும். இல்லேன்னா கொஞ்ச நாளைக்கு ஷெட்டுல வேலை தாருங்க" என்றேன்.

அவர் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு சொன்னார். "தங்கையா, இத எனக்கிட்ட சொல்லாதே. சொன்னா நான் கேட்டதா ஆயிரும். கேட்டா ஒன்ன வண்டியில ஏத்த முடியாது. ஏத்தாம இருந்தா லைன் நிக்கும். போ, வண்டிய எடு."

நான் போனேன். வண்டியை எடுத்தேன். அதை நான் எழுதத்தான் வேண்டும்.

5. கல்யாணச் சாப்பாடு

நான் டூட்டிக்கு வந்த எட்டாம் மாதம் முதலாளியின் மூத்த மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தக்கலைப் பக்கம். மாப்பிள்ளை வீட்டாரைக் கொண்டுவரவும் திரும்பக் கொண்டுவிடவும் இரண்டு பஸ். ஒன்று என் வண்டி.

முகூர்த்தம் முடிந்து பந்தி மேல் பந்தியாகப் போனது. டிரைவர், கிளீனர் எல்லாம் கடைசிப் பந்தி. நான் பந்திக்குப் போகவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்து என் பொதியைத் தின்று, படுக்கலாம் என்று இருந்தேன். மணி மூன்று. நாலரை மணிக்கு ராகுகாலம் தொடங்கும், அதற்கு முன் பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கள் பஸ்களும் மாப்பிள்ளை வீடு போய்ச் சேர வேண்டும். பொதியைப் பிரித்தபோது முதலாளியே வந்துவிட்டார். தோளில் நேரியல், முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஏலே, எனக்க வீட்டுக் கல்யாணத்துல நீ பொதிச்சோறு தின்னுதியா? மாப்பிள்ளை வீட்டுக்காரவுங்க பாத்தா என்ன நினைப்பாவ? வா இஞ்ச."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இலை முன்னால் உட்கார வைத்தார். சோற்றில் இரண்டு உருண்டை தின்றேன். அடைப்பிரதமன் பாயாசம் வந்தபோது இலைக்கு மேல் கையை வைத்து மறைத்தேன். பரிமாற வந்தவன் நின்றான். முதலாளி அவன் கையிலிருந்த வாளியை வாங்கினார்.

"கைய எடுல. நான் விளம்புதேன்."

"மொதலாளி, எனக்கு இனிப்பு பிடிக்காது."

"ஒருநாள் தின்னா செத்தா போவே? எனக்க மகளுக்க கல்யாணம்லே."

மாப்பிள்ளையின் பெரியப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் முதலாளி எந்தத் தொழிலாளிக்கும் தன் கையால் விளம்பி நான் பார்த்ததில்லை. எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. இத்தனை வருஷம் கழித்து அதை ஒளிப்பதில் ஒரு பயனும் இல்லை. கையை எடுத்தேன். இரண்டு கரண்டி விட்டார். போளியின் மேல் பால்பாயாசமும் விட்டார். அவர் அங்கேயே நின்றார். நான் முழுவதும் தின்றேன். தெரிந்தே இனிப்புத் தின்று மாதக்கணக்கு ஆகியிருந்தது. ருசியாகத்தான் இருந்தது.

எழுந்து கை கழுவியதும், "எடு, எடு, ராகுகாலம் வருது" என்று எல்லோரும் சத்தம். படுக்கவில்லை. வண்டியைக் கிளப்பினேன்.

பெண்ணும் மாப்பிள்ளையும் முன்னால் காரில். என் வண்டியில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் செல்லையனும். கடைசி சீட்டில் சமையலுக்குக் காய்கறி அரிய வந்த தாயம்மாள். தக்கலைப் பக்கம் அவள் வீடு, வழியில் இறங்குவதற்காக ஏறியிருந்தாள். கணவன் இல்லாதவள், பெரிய விருந்து எங்கே நடந்தாலும் காய் அரிய அவள்தான்.

குளத்தங்கரை ரோட்டில் ஏறும்போது காதுக்குப் பின்னால் வேர்வை இறங்கியது. என்ன வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் நிறுத்தினால் பின்னால் வரும் பஸ்ஸும் நிற்கும், ராகுகாலம் தொடங்கிவிடும், முதலாளிக்கு மாப்பிள்ளை வீட்டாரிடம் தலைகுனிவு. கரை முடிகிற இடத்தில் நிறுத்தலாம் என்று நினைத்தேன். நெஞ்சு அடித்த சத்தத்தில் இன்ஜின் சத்தம் கேட்கவில்லை. பிரேக்கை மிதித்தது நினைவிருக்கிறது. வலப்பக்கம் குளம், அதனால் இடப்பக்கமாக ஒடித்ததும் நினைவிருக்கிறது. பிறகு இருட்டு.

வண்டி கரையிலிருந்து சரிந்து ஒரு பூவரச மரத்தில் சாய்ந்து நின்றது. குளத்தில் விழவில்லை. எல்லோருக்கும் காயம் சில்லறைதான், தாயம்மாளுக்குத் தவிர. கடைசி சீட்டிலிருந்து தூக்கி எறியப்பட்டு, இரும்புக் கம்பியில் அவளுடைய வலது கை முழங்கையில் இரண்டாக முறிந்தது.

6. நானே கொண்டுபோய்க் கொடுத்த கடிதம்

முதலாளி ராத்திரிக்கு முன்னாலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கல்யாணச் சிரிப்பு முகத்தில் இல்லை.

"குடிச்சிருந்தேன்னு ஒத்துக்கிடு. ஆறு மாசம் லைசென்ஸ் போவும், பெறவு நான் பாத்துக்கிடுதேன். வயித்த அறுத்த ஆளுக்கு வண்டி கொடுத்தேன்னு வந்தா எனக்க பெர்மிட் போயிரும், கேட்டியா?"

"நீங்க விளம்புன பாயாசம் மொதலாளி."

"கல்யாணத்துல எரநூறு பேருக்கு விளம்புனேன். ஒருத்தனும் குளத்தங்கரையில வண்டிய சாய்க்கல்ல."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. குடிக்காதவன் குடித்தேன் என்று எப்படிச் சொல்வது? விசாரணைக்கு ஒரு வாரம் இருந்தது. ஆசுபத்திரிக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்த்து, என் உடல்நிலைக்கு ஒரு கடிதம் கேட்டேன். என்னால் முடிந்த மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டினார். "பயப்படாதே. வேலை போகாது. நல்ல கடிதம் தருகிறேன்" என்று சொல்லி, இங்கிலீஷில் எழுதி, கவரில் போட்டு ஒட்டித் தந்தார். ரோசம்மா சிஸ்டர் அன்று லீவு. இருந்திருந்தால் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருப்பேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது.

விசாரணை அதிகாரி திருவனந்தபுரத்துக்காரர், மலையாளம் கலந்த தமிழ். கவரைக் கிழித்துப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"இதில் நினக்குப் பூரண சுகம் என்னல்லே எழுதியிருக்குது? எந்த வேலையும் செய்யலாம் என்றும் இருக்குது. பின்னே எங்ஙனயாணு மயக்கம் வருந்நது?"

டாக்டர் எனக்கு நல்லதுதான் நினைத்தார். நோயாளி என்று எழுதினால் என் வேலை போகும் என்று, பூரண குணம் என்று எழுதிவிட்டார். அவருடைய ஆபரேஷனில் குறை இருப்பதாக எழுதவும் அவருக்கு மனம் வந்திருக்காது. எதுவோ, அந்தக் கடிதத்தை நானேதான் இரண்டு கையாலும் நீட்டினேன்.

அடுத்தது செல்லையன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "பக்கத்துல போனப்போ கள்ளு மணம் அடிச்சுது சார். திருவட்டாறுலயும் பின்சீட்டுல கெடப்பாரு."

வெளியே வந்ததும் என் பின்னால் ஓடி வந்தான். "அண்ணே, எனக்கு மூணு பொம்பளப் பிள்ளையள். மொதலாளி என்ன செய்யச் சொன்னாலும் செய்யத்தான் வேணும். மன்னிச்சுக்கிடும்."

"நீ போ மக்கா" என்றேன். என்னைத் தோளில் தூக்கி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனவன் அவன்.

லைசென்ஸ் ரத்தாயிற்று, ஆறு மாதத்துக்கு இல்லை, நிரந்தரமாக. முதலாளியின் பெர்மிட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷம் அவருக்கு ஏழு பஸ். நான் ஒரு டயர் வல்கனைசிங் கடையில் ரப்பர் தேய்த்தேன். பிறகு வேறொரு கம்பெனியில் டைம் கீப்பர், ரிட்டயர் ஆகும் வரை. டைம் கீப்பர் வேலையில் தின்றுவிட்டு அரைமணி நேரம் பெஞ்சில் படுக்கலாம். உடம்பு தேறியது. இன்றைக்கும் ஏழு நேரம், சிரட்டை அளவு. பொன்னம்மாள் முப்பது வருஷம் அப்படி ஆக்கிப் போட்டாள். ஒருநாளும் குறை சொன்னதில்லை, ஒருநாளும் என்னோடு உட்கார்ந்து ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டதும் இல்லை.

7. தாயம்மாள் கேட்டது

விசாரணை முடிந்து ஒரு மாதம் கழித்துத் தாயம்மாள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தாள். கை கோணலாகக் கூடியிருந்தது, நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. இடது கையால் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"நெசத்தச் சொல்லும். குடிச்சிருந்தீரா?"

"இல்ல. சத்தியமா இல்ல." ஆபரேஷன், சிரட்டை, சிஸ்டர் சொன்னது, முதலாளி விளம்பியது, கடிதம், எல்லாவற்றையும் சொன்னேன். அவளாவது நம்பினால் போதும் என்று இருந்தது. அவள் நம்பினாள். கீரை உருவுவதை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டாள்.

"அப்பம் இனிப்பு தின்னா கண்ணு இருட்டும்னு ஒமக்குத் தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்சும் தின்னுட்டு வண்டியில ஏறினீரு?"

"மொதலாளி கையால விளம்பினாரு. எப்படி வேண்டாம்னு சொல்ல?"

அவள் கீரைக் குச்சியைக் கீழே போட்டாள். "கள்ளு குடிச்சேன்னு நீரு சொல்லியிருந்தா, ஆம்பிளையளுக்குள்ள கேடுன்னு நான் உட்டிருப்பேன். எனக்க வீட்டுக்காரரும் குடிச்சவருதான். இது அப்படி இல்லல்லா. ஒரு மொதலாளிக்க மொகம் வாடப்பிடாதுன்னு எனக்க கை போச்சு. போயிரும் இங்கேருந்து."

நான் வந்துவிட்டேன். முதலாளி, செல்லையன், டாக்டர் என்று அதுவரை மூன்று பேரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் செய்தது செய்ததுதான், அதில் ஒன்றும் குறையவில்லை. ஆனால் குளத்தங்கரையில் வேர்த்தபோது வண்டியை நிறுத்தாதவன் நான். அந்தக் கணக்கில் வேறு யாரும் இல்லை.

இப்போது ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். உடம்புக்கு ஆகாதது எது என்று உங்களுக்குத் தெரிந்தால், அதை யார் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். முடியவில்லை என்று தோன்றினால் நிறுத்துங்கள், எந்த இடமானாலும் நிறுத்துங்கள். டாக்டர் கடிதம் கொடுத்தால் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். முதலாளி முகம் வாடினால் வாடட்டும். கடைசி சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஸ்டியரிங் பிடித்தவனுக்குத் தெரியாது.